பல்லின் நிறம் சொல்லும் செய்தி

(திருக்கடையூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கிராம சுகாதாரக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, பாலம், குடிநீர், தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய ஓர் அலுவலர், பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களுள் சிலர் வியப்படையலாம். சாலை வேண்டுமென்று மனுக் கொடுக்க என் அலுவலகத்திற்கு நாள்தோறும் பலர் வருகின்றனர். பல் கெட்டுவிட்டது என்று ஒருவரும் மனுக் கொடுப்பதில்லை. கேட்டுப் பெற வேண்டியவற்றுக்கு மனு உண்டு. நாமே காத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு மனு இல்லை. ஆகையால் அதைப் பற்றி நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்றியும், இவ்விஷயத்தைப் பேசுவதற்குத் திருக்கடையூரைப் போன்ற பொருத்தமான ஊர் வேறொன்று இல்லை. எமனை இறைவன் உதைத்து வீழ்த்தி மார்க்கண்டேயனுக்கு ஆயுள் தந்த தலம் என்று இதனைப் போற்றுகிறோம். அறுபது நிறைந்த தம்பதிகளும், எண்பது கண்ட தம்பதிகளும் நாட்டின் பல திசைகளிலிருந்தும் இங்கு வந்து அமிர்தகடேசுவரர் சந்நிதியிலும் அபிராமி அம்மை சந்நிதியிலும் மாலை மாற்றிக்கொள்கின்றனர். மக்களும் பேரக் குழந்தைகளும் சூழ நின்று படம் எடுத்துக்கொள்ளும் வேளையில், "சற்றுச் சிரியுங்கள்" என்று படம் எடுப்பவர் கேட்கிறார். அப்பொழுது சிலர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். சிலர் உதட்டை இறுக மூடிக்கொள்கின்றனர். இன்னும் சிலர் கையால் வாயை மறைத்துக்கொள்கின்றனர். அறுபது ஆண்டுகளில் உண்ட உணவும், பழகிய பழக்கமும், குடித்த தண்ணீரும் அந்த ஒரு கணத்தில் பல்லில் தெரிந்துவிடுகின்றன.

பல்லின் இயற்கை நிறம்

பல் முத்துப் போல் வெண்மையாக இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். இது முற்றும் சரியன்று. பல்லின் மேற்புறத்தை மூடியிருப்பது எனாமல் என்னும் ஓடு. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தாதுப் பொருள்களால் ஆன இது, கண்ணாடியைப் போல் ஒளியைச் சிறிது உட்புக விடும். இதனடியில் டென்டின் என்னும் பகுதி உள்ளது. அதன் நிறம் இளமஞ்சள். ஆகையால் ஆரோக்கியமான பல்லும் சிறிதளவு மஞ்சள் சாயை கொண்டுதான் இருக்கும். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிவதால், உள்ளேயிருக்கும் மஞ்சள் நிறம் மேலும் தெரிவதும் இயற்கையே.

குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும்போது, "பிள்ளையின் புதுப் பல் மஞ்சளாக இருக்கிறதே" என்று தாய்மார்கள் கவலைப்படுவதுண்டு. பால்பற்கள் இருபதும் இயல்பாகவே மிகவும் வெளுத்தவை. அவற்றின் அருகே முளைக்கும் நிலைப்பல் மஞ்சளாகத் தோன்றுவது குறையன்று. பிள்ளையின் பல்லை வெளுக்கச் செய்வதாக எண்ணிக் கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தல்தான் குறை.

நிற்க. பல்லின் நிறம் மாறுவது இருவகைப்படும். ஒன்று, மேலே படியும் கறை. மற்றொன்று, பல் உருவாகும் காலத்திலேயே உள்ளே ஏறிவிடும் நிறம். வேட்டியில் பட்ட சேற்றைத் துவைத்து நீக்கலாம். நூலிலேயே ஏறிய சாயத்தைத் துவைத்து நீக்க முடியாது. பல்லின் கதையும் அப்படித்தான். எது எந்த வகையென்று அறியாமல் தேய்ப்பதனால் பல்லுக்கு நேரும் சேதம் பெரிது.

காப்பியும் புளியும்

பல் துலக்கிய சிறிது நேரத்திற்குள் உமிழ்நீரிலிருந்து ஒரு மெல்லிய படலம் பல்லின்மீது படிகிறது. காப்பி, தேநீர் ஆகியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இப்படலத்தைப் பற்றிக்கொண்டு பழுப்புக் கறையாக அமைகின்றன. கும்பகோணத்து டிகிரி காப்பியைத் தஞ்சைச் சீமைக்காரன் விட வேண்டும் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. யானும் காலையில் அதைக் குடித்துவிட்டே அலுவலகம் வருகிறேன். ஆனால் ஒரு வேளையில் ஒரு குவளையைக் குடித்து முடிப்பது வேறு, வயல் வேலைக்கு நடுவிலும் தேநீர்க் கடை வாயிலிலும் நாள் முழுவதும் பத்து முறை உறிஞ்சிக்கொண்டிருப்பது வேறு. குடித்தபின் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிக் கொப்புளித்தால் கறை படிவது குறையும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

புளிப்பு இன்னொரு வகையில் வேலை செய்கிறது. எலுமிச்சை, புளி, சோடா, குளிர்பானம் முதலியவை நேரடியாகக் கறை ஏற்றுவதில்லை. அவை எனாமலைக் கரைக்கின்றன. மேலோடு மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும். பல் கூச்சமும் உண்டாகும். ரசமும் குழம்பும் சோற்றோடு கலந்து உண்ணப்படுவதாலும், உண்ணும்போது உமிழ்நீர் நன்கு சுரப்பதாலும் அவற்றால் வரும் தீங்கு குறைவு. அடிக்கடி எலுமிச்சையைச் சப்புவதும், இனிப்பு மிகுந்த குளிர்பானத்தைச் சிறிது சிறிதாகக் குடிப்பதுமே தீங்கானவை. புளிப்பு உண்டவுடன் பல் தேய்க்கலாகாது. அந்நேரத்தில் எனாமல் இளகியிருக்கும். தண்ணீரால் கொப்புளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் தேய்ப்பதே முறை.

எலுமிச்சைத் தோலைச் சமையல் சோடாவில் தொட்டுப் பல்லில் தேய்த்தால் வெளுக்கும் என்று சிலர் சொல்லக் கேட்டு இளைஞர்கள் அவ்வாறு செய்கின்றனர். முதல் வாரத்தில் வெளுக்கத்தான் செய்யும். வெளுப்பதற்குக் காரணம், கறையோடு எனாமலும் போவதுதான். ஒரு முறை போன எனாமல் மீண்டும் வளர்வதில்லை. நகத்தைப் போலவோ முடியைப் போலவோ அதை வளர்க்கும் உயிரணுக்கள், பல் முளைத்தபின் அதனிடம் இல்லை.

செங்கல் தூளும் உமிக்கரியும்

நம் பகுதி நெல் விளையும் பகுதி. உமிக்கு இங்கே பஞ்சமில்லை. உமியைச் சுட்டுக் கரியாக்கி, உப்புச் சேர்த்துப் பல் துலக்குவது பரம்பரையாக வந்த வழக்கம். அடுப்புச் சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றால் துலக்குவோரும் இருந்தனர். இன்றும் சிலர் உளர். பல் துலக்காமல் இருப்பதைக் காட்டிலும் இது மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உமியில் மணலுக்கு நிகரான சிலிகா நிறைந்துள்ளது. செங்கல் தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பித்தளைக் குடத்தைத் துலக்கும் பொருளால் பல்லைத் துலக்கினால், குடத்துக்கு நேருவதே பல்லுக்கும் நேரும். குடம் தேய்ந்தால் வேறு குடம் வாங்கலாம்.

என் தாயார் தம் இளமை முதல் ஐம்பது வயது வரை செங்கல் தூளால்தான் பல் துலக்கினார். ஒரு நாளும் அவர் தவறியதில்லை. அவருடைய பல்லில் சொத்தை இல்லை. ஆனால் ஈறோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு பல்லிலும் அரிவாளால் வெட்டியதுபோல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பல்லோ வெளுக்கவில்லை. பழுத்த மாவிலை போல் மஞ்சளாகிவிட்டது. மஞ்சளாக மஞ்சளாக இன்னும் அழுத்தித் தேய்த்தார். தேய்த்ததனால்தான் மஞ்சளாகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழியை நாம் அறிவோம். குச்சியின் நுனியை நன்றாக மென்று நாராக்கி, மெதுவாகத் தேய்த்தால் அது தீங்கு செய்யாது. மெல்லாமல் முரட்டுக் குச்சியால் குத்தினால் ஈறு புண்ணாகும். புளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான தூரிகையும் கிடைக்கும் இக்காலத்தில், காலையில் ஒரு முறையும் இரவு படுக்குமுன் ஒரு முறையும் அவற்றால் துலக்குவதே மேலானது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை முழுவதும் பிதுக்க வேண்டியதில்லை. குழந்தை அதை விழுங்காமல் துப்புகிறதா என்று பெரியவர் அருகே நின்று கவனிக்க வேண்டும்.

வெற்றிலைச் செல்லம்

இப்பொழுது சற்று வருத்தமான பகுதிக்கு வருகிறேன். காவிரிக் கரையில் பிறந்தவனிடம் வெற்றிலையைப் பழித்துப் பேசுதல் எளிதன்று. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. தாம்பூலம் இன்றி நமக்குத் திருமணமில்லை, விருந்தில்லை, வழிபாடில்லை. தாம்பூலத்தட்டைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் உருண்டையைப் பற்றியே பேசுகிறேன்.

வெற்றிலை பச்சை நிறம். சுண்ணாம்பு வெள்ளை. பாக்கு பழுப்பு. மூன்றும் சேர்ந்தால் வாய் சிவப்பது எவ்வாறு? பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்து காற்றுப்பட மாறும்போது சிவப்பு நிறம் பிறக்கிறது. அதுவே பல்லில் படிந்து முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுப்பாகவும் இறுகுகிறது. அதன்மேல் காரை கட்டுகிறது. காரை கட்டிய இடத்தில் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல் ஆடத் தொடங்குகிறது. பல் மருத்துவரிடம் சென்று காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று நம்மவர் அஞ்சுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பல்லை ஆட்டுவிப்பது காரைதான். அது நீங்கியபின் உள்ளிருந்த ஆட்டம் நமக்குத் தெரிகிறது, அவ்வளவே.

கறையோடு இது முடிந்துவிடுமானால் நான் இவ்வளவு நேரம் பேச மாட்டேன். பாக்கையே, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் பற்றி அதற்கும் முன்னரே, 1985-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. ஆகவே, "நான் புகையிலை போடுவதில்லை, சீவல் மட்டும்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமில்லை. பாக்கை நெடுங்காலம் மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறத் தசை நாராக இறுகி, வாய் திறப்பது வரவரக் குறைந்துபோகும் நோய் ஒன்றுண்டு. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லையென்றால் மருத்துவரைக் காண வேண்டும். கண்ணைக் கவரும் சிறு பொட்டலங்களில் பாக்குத் தூளை வாங்கி மெல்லும் பள்ளிச் சிறுவரும் இந்நோய்க்கு இரையாகின்றனர்.

என் சிற்றன்னை நடவு வேலைக்குச் சென்றவர். முந்தானை முடிச்சில் காசு இல்லாத நாள் உண்டு. புகையிலைத் துண்டு இல்லாத நாள் இல்லை. குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நிற்பவர்களுக்குப் பசி தெரியாமலிருக்க அது ஒன்றுதான் துணை என்பார். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அவர் சிரித்தபோது, எப்பொழுதும் புகையிலை அடக்கும் இடது கன்னத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதைக் கண்டேன். கேட்டேன். "சுண்ணாம்பு கூடிப்போய் வெந்துவிட்டது, தம்பி, நாலு நாளில் ஆறிவிடும்" என்றார். நானும் அப்படியே நம்பிவிட்டேன். பட்டம் பெற்றவன், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன், கிராம சுகாதாரம் பற்றிச் சுற்றறிக்கைகளில் கையெழுத்திடுபவன், நம்பிவிட்டேன். அடுத்த பொங்கலுக்குச் சென்றபோது அந்தத் திட்டு புண்ணாகியிருந்தது. கன்னத்தின் ஒரு பகுதியை அறுத்து எடுத்த பின்னரே அவர் உயிர் பிழைத்தார். இன்று அவர் இருக்கிறார். ஆனால் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறார். பேரனின் திருமணப் படத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்.

அன்று நான் அவரை அழைத்துச் சென்றிருந்தால் சிறு சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடும். ஆகையால் உங்களை வேண்டிக்கொள்கிறேன். வாயினுள் வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, புண்ணோ இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாமல் இருந்தால், அது சுண்ணாம்பு வெந்தது என்று நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வலி இல்லையே என்றும் எண்ணாதீர்கள். தொடக்கத்தில் இது வலிப்பதில்லை. அதுவே இதன் வஞ்சகம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மயிலாடுதுறை அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். பல் மருத்துவக் கல்லூரிக்கே செல்ல வேண்டுமென்றாலும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் அரசுக் கல்லூரி இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் போதும்.

தண்ணீர் ஏற்றும் நிறம்

பழக்கத்தால் வரும் கறையைப் பற்றிக் கூறினேன். ஒரு பழக்கமும் இல்லாத குழந்தையின் பல்லிலும் பழுப்பு ஏறுவதுண்டு. அதற்குக் காரணம் தண்ணீர்.

அமெரிக்க நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு 1901-ஆம் ஆண்டு பிரெடரிக் மக்கே என்ற இளம் பல் மருத்துவர் தொழில் செய்ய வந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புத் திட்டுகள் இருப்பதைக் கண்டார். காரணம் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் ஐயுற்றார். 1931-ஆம் ஆண்டு சர்ச்சில் என்ற வேதியியலறிஞர் அத்தகைய ஊர்களின் தண்ணீரைச் சோதித்து, அப்பொருள் மிகுதியான புளோரைடு என்று கண்டறிந்தார். நம் நாட்டிலும் சில ஆண்டுகளுக்குள் இது தெரிய வந்தது. அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் புளோரைடு நோய் இருப்பதை 1937-ஆம் ஆண்டு மருத்துவ அறிஞர்கள் எழுதி வெளியிட்டனர். அப்பகுதியில் உழவு மாடுகள் நடக்க இயலாமல் முடங்குவதை உழவர்களே முதலில் கவனித்தனர் என்று கூறுவர். மாட்டைக் கவனிக்கும் கண் உழவனுக்கு எப்பொழுதும் உண்டு. அதே கண்ணால் பிள்ளையின் பல்லையும் பார்க்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.

புளோரைடு சிறிதளவு இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மிஞ்சினால் கெடுக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடினும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குழந்தை பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை நிலைப்பற்களின் எனாமல் ஈற்றினுள் உருவாகிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் மிகுதியான புளோரைடு நீரைக் குடித்தால், முளைக்கும் பல்லே வெண்கோடுகளோடும் பழுப்புத் திட்டுகளோடும் முளைக்கும். இதைத் தேய்த்து நீக்க இயலாது. மேலும் மிகுந்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பாறைப் பாங்கான நிலத்தின் ஆழத்து நீரில் இத்தொல்லை பல தலைமுறைகளாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சியின் பொருட்டு அங்குச் சென்றிருந்தேன். ஒரு பள்ளியில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டே விடை சொன்னாள். "பல் துலக்குவதில்லையா என்று எல்லோரும் கேட்கின்றனர், அதனால் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள்" என்று ஆசிரியை கூறினார். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அவள் வீட்டுக் கிணறு செய்த தவறு அது. அம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. புளோரைடு பாதிப்பைக் குறைத்தல் என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்ற நோக்கமாகும்.

காவிரி தமிழகத்துள் நுழையும் இடம் ஒகேனக்கல். அது கடலில் கலக்கும் இடம் நம் பக்கத்துப் பூம்புகார். தலைமாட்டில் உள்ளவர்கள் பல்லைக் காக்கக் காவிரியை நாடியிருக்க, கால்மாட்டில் உள்ள நாம் ஆழ்துளைக் குழாய் நீரைச் சோதிக்காமல் குடித்துக்கொண்டிருத்தல் அழகன்று. நம் பகுதி வண்டல் நிலம். உப்பு நீர் ஏறுவதே நாம் அறிந்த தொல்லை. எனினும் நாக்குக்கு உப்புத் தெரியும், புளோரைடு தெரியாது. அதைச் சோதனைதான் காட்டும்.

மருந்தால் வரும் கறை

தாய்மார்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும். இரத்தச் சோகையைத் தடுக்கச் சிறு குழந்தைகளுக்கு இரும்புச் சத்துத் திரவ மருந்து கொடுக்கப்படுகிறது. அதனால் சில குழந்தைகளின் பல்லில் கறுப்புக் கறை படிவதுண்டு. உடனே, "மருந்து பல்லைக் கெடுக்கிறது" என்று கூறி அதைச் சாக்கடையில் ஊற்றிவிடும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். பல்லைக் காப்பாற்றுவதாக எண்ணி இரத்தத்தைக் கைவிடுகின்றனர். இக்கறை மேலே படிவது, நீக்கக்கூடியது. சோகையால் குன்றும் வளர்ச்சியையும் படிப்பையும் மீட்பது கடினம். மருந்தை நாவின் பின்புறத்தில் விட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் செய்து, பல்லைத் துலக்கிவிட்டால் போதும். மருந்தை நிறுத்தலாகாது.

இதற்கு மாறானது டெட்ராசைக்ளின் என்னும் மருந்து. கருவுற்ற தாயோ எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ இதை உட்கொண்டால், உருவாகும் பல்லின் உள்ளேயே மஞ்சளோ சாம்பல் நிறமோ ஏறி, ஆயுள் முழுவதும் நிற்கும். காய்ச்சல் என்றவுடன் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை விடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பல்லில் வெள்ளை தெரிந்தால் நலம் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் மங்கிய வெண்புள்ளி தோன்றினால், அது சொத்தையின் முதல் அடையாளமாக இருக்கலாம். மிட்டாயும், ரொட்டியும், இரவில் பாட்டிலில் சர்க்கரைப் பாலும் இதற்குக் காரணம். இந்நிலையில் இனிப்பைக் குறைத்துப் புளோரைடு பற்பசையால் ஒழுங்காகத் துலக்கினால் அப்புள்ளி மேலும் பரவாமல் நிற்கும். ஓரளவு ஆறவும் கூடும். கவனியாமல் விட்டால் அது பழுப்பாகி, கறுத்து, குழியாகும். குழி விழுந்தபின் துலக்கிப் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இவையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று மறந்துவிடுவதற்காக நான் கூறவில்லை. ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, தண்ணீர். குடிநீருக்குப் பயன்படும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் நீரும் சோதிக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்திற்குச் சோதனைச் சாலைகள் உள்ளன. சோதனை முடிவைக் கோப்பில் வைத்து மூடாமல், மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் மக்கள் முன் படித்துக் காட்டச் செய்யுங்கள். எந்தக் குழாய், எவ்வளவு புளோரைடு என்று தெரு மக்கள் அனைவரும் அறிய வேண்டும்.

இரண்டாவது, பள்ளி வாசல். கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது, பதினெட்டு வயது நிறையாதவருக்கு எங்கும் விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குட்கா, பான்மசாலா ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழக அரசு 2013 முதல் தடை ஆணைகளைப் பிறப்பித்து வந்துள்ளது. சட்டம் சென்னையில் இருக்கிறது. கடை நம் தெருவில் இருக்கிறது. கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர், உறவினராகவும் இருப்பார். அதிகாரி வந்து வழக்குப் போடுமுன் உறுப்பினர் சென்று உரிமையோடு சொன்னால், அச்சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, வயல் வரப்பு. இதனை நிலம் வைத்திருக்கும் உழவர்களுக்கே சொல்கிறேன். நடவுக்கும் அறுவடைக்கும் வரும் ஆட்களுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை வாங்கிக் கொடுப்பது நம்மிடையே மரியாதையாகக் கருதப்படுகிறது. மரியாதையை நிறுத்த வேண்டாம். பொருளை மாற்றுவோம். குறுவை நடவு தொடங்கும் முதல் நாள் வெற்றிலையை மங்கலமாகக் கொடுங்கள். அதற்குமேல் புகையிலைக்குச் செலவிடும் பணத்தில் மோரும் சுண்டலும் கொடுங்கள். புகையிலை பசியை மறக்கச் செய்கிறது. சுண்டல் பசியைத் தீர்க்கிறது. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்ப் புகையிலை போடும் ஒருவர் ஓர் ஆண்டில் 3,650 ரூபாயைத் துப்பிவிடுகிறார். அப்பணத்தைக் கொண்டு வீட்டில் உள்ளோர் அனைவருக்கும் ஆண்டு முழுவதுக்கும் பற்பசையும் தூரிகையும் வாங்கலாம், மீதியும் இருக்கும்.

வீட்டில் உள்ளோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. உண்டபின் கொப்புளியுங்கள். இரவில் துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் இடாதீர்கள். கரி, செங்கல், சாம்பல், மணல் ஆகியவற்றைப் பாத்திரத்துக்கு விட்டுவிடுங்கள். மாதம் ஒரு நாள், வெளிச்சத்தில் நின்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வாயையும் பாருங்கள். குழந்தையின் பல்லையும், முதியவரின் கன்னத்தையும் பாருங்கள். பயிரில் இலை பழுத்தால் வரப்பில் நின்று உற்றுப் பார்க்கும் நமக்கு இது தெரியாத வேலையன்று.

நெடுங்காலம் புகையிலை போட்டவர்கள், "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்கின்றனர். எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு. விட்ட நாளிலிருந்து ஆபத்து கூடுவது நிற்கிறது; ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. என் சிற்றன்னை மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளில், தம்மோடு நடவுக்குச் சென்ற பெண்களைத் திண்ணைக்கு அழைத்து, பேச வராத வாயைத் திறந்து காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர்களுள் இருவர் அன்றே முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தெருவில் கொட்டினர்.

நான் இவ்வளவு நேரம் பேசியதைவிட அவர் பேசாமல் சொன்னது பெரிது. அறுபதாம் கல்யாணத்திற்கும் எண்பதாம் கல்யாணத்திற்கும் பெயர்பெற்ற இவ்வூரில், நம் ஊர்த் தம்பதிகள் அந்நாளில் வாயை மூடாமல் சிரிக்க வேண்டும். அவர்களுடைய பல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது அவர்களுடைய சொந்தப் பல்லாக இருந்தால் போதும்.